தசைப்பிடிப்புக்குக் கம்போ மருந்து: அம்மாவின் கால் வீக்கம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: நான் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 67 வயது. ஐந்தடிக்கும் குறைவான உயரம், 46 கிலோ எடை. மூன்று மாதத்துக்கு முன் கும்பகோணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தார். பிபிக்கு டெல்மிசார்டானும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, ஊரிலிருந்தே சாப்பிட்டு வருகிறார். இங்கே வந்ததும் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. பக்கத்து எலும்பு டாக்டர் 'ஷாகுயாகு கான்ஸோ தோ' என்ற 68-ஆம் எண் கம்போ மருந்தை (ஜப்பானிய மூலிகை மருந்து) நாளுக்கு மூன்று பாக்கெட் எழுதித் தந்தார். மூன்றாம் நாளே பிடிப்பு நின்றது. சந்தோஷத்தில் இரண்டு முறை திரும்ப வாங்கிவிட்டோம், எட்டு வாரம் ஆகிறது. இப்போது இரண்டு வாரமாகப் பாதம் வீங்குகிறது. 128-ல் இருந்த பிபி 158 ஆகிவிட்டது. ஸ்டேஷன் படி ஏறத் தொடையில் வலுவில்லை என்கிறார். நின்றுபோன பிடிப்பு இப்போது கைவிரலிலும் வருகிறது. மருந்தைக் கூட்டலாமா? குளிரில் இருமல் வந்ததால் அதிமதுரப் பொடியும் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். எல்லாம் மூலிகைதானே, பக்கவிளைவு வருமா? கம்போவுக்கு உண்மையிலேயே ஆராய்ச்சி இருக்கிறதா? நண்பர் ஒருவர் 107-ஆம் எண்ணுக்கு மாறச் சொல்கிறார். அடுத்த மாதம் அம்மா ஊருக்குத் திரும்பும்போது ஆறு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?

பதில்: கூட்டாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அம்மா அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கப் போகிறார் என்றால் தடுத்துவிடுங்கள். கம்போவையும் அதிமதுரப் பொடியையும் இன்றே நிறுத்திவிட்டு, இன்றோ நாளை காலையோ ரத்தப் பரிசோதனை செய்யும் வசதியுள்ள உள்நோய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கால் வீக்கம், ஏறிய பிபி, தொடையின் தளர்ச்சி, கைக்குப் பரவிய பிடிப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் ஒரே மூலத்தைச் சுட்டுகின்றன. அது அதிமதுரம். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனையும் ஓர் ஈசிஜியும் போதும்.

அதற்கு முன்பே இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், 119-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்: நெஞ்சு படபடப்பு, மயக்கம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, தலையைத் தூக்கவே சிரமம், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது. கடைசியாகச் சொன்னது தசை நார்கள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போவதன் அடையாளம். அழைக்கலாமா வேண்டாமா என்று தயக்கமாக இருந்தால் யோகோஹாமாவில் #7119 ஆலோசனை எண் இருக்கிறது.

இனி காரணத்துக்கு வருகிறேன். அந்தப் பாக்கெட்டில் இருப்பவை இரண்டே வேர்கள். ஷாகுயாகு என்பது பியோனிச் செடியின் வேர். கான்ஸோ என்பது நம் அதிமதுரம். ஜப்பானின் மருந்து நூல் கான்ஸோவாக ஏற்கும் இரண்டு இனங்களில் ஒன்று, நம் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் என்று விற்கும் அதே செடிதான். மற்றது அதன் சீன உறவு. 68-ஆம் எண் மருந்தின் ஒரு நாள் அளவு 7.5 கிராம் குருணை. அதற்குள் 6 கிராம் அதிமதுரமும் 6 கிராம் ஷாகுயாகுவும் வேகவைத்து இறக்கிய சாற்றின் உலர்பொடி 2.5 கிராம் அடங்கியிருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து நாக்கில் வைத்தால் முதலில் தெரியும் தித்திப்பு அதிமதுரத்தினுடையதுதான்.

6 கிராம் என்பது எவ்வளவு பெரிய அளவு என்பதை மற்ற கம்போ மருந்துகளோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். சளி பிடித்தால் ஜப்பானில் எல்லோரும் வாங்கும் கக்கோன்தோவில் நாளுக்கு 2 கிராம். மறதிநோய் முதியவர்களுக்குத் தரும் யோகுகான்சானில் 1.5 கிராம். இன்ஷூரன்ஸ் பட்டியலில் உள்ள 148 கம்போ மருந்துகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழில் அதிமதுரம் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் 1 முதல் 3 கிராம் வரைதான். நாளுக்கு 2.5 கிராமை எட்டினாலே எச்சரிக்கை கூடுகிறது. ஆல்டோஸ்டிரோன் மிகை நோய், தசை நோய், பொட்டாசியம் குறைவு உள்ளவர்களுக்குத் தரவே கூடாது என்று மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது. அம்மா சாப்பிட்டது அந்த எல்லையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இருமலுக்கு எடுத்த பொடி தனி. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி என்றாலே இன்னும் இரண்டு மூன்று கிராம் சேர்ந்துவிடும்.

அதிமதுரத்தின் தித்திப்புக்குக் காரணமான பொருள் கிளிசிரைசின். அது விழுங்கியபடியே ரத்தத்தில் அதிகம் ஏறுவதில்லை. பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டி கிளிசிரெட்டினிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் உள்ளே போகிறது. ஒரே அளவு சாப்பிடும் இருவரில் ஒருவருக்குக் கால் வீங்கி, இன்னொருவர் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இந்தக் குடல் வேறுபாடு ஒரு காரணம். ஜப்பானின் டோயாமா நகரில் இருந்த ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் தோண்டித் துருவியிருக்கிறார்கள்.

அடுத்த கட்டம் சிறுநீரகத்தில் நடக்கிறது. உடம்பில் உப்பைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். சிறுநீரக நுண்குழாய்களின் கடைக்கோடிச் செல்களில் அதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கார்ட்டிசாலும் அதே ஏற்பியில் அதே இறுக்கத்தோடு உட்காரும். ரத்தத்தில் கார்ட்டிசாலின் அளவோ ஆல்டோஸ்டிரோனைப்போல் பல நூறு மடங்கு. இருந்தும் நமக்கெல்லாம் கால் வீங்காமல் இருப்பதற்கு அந்தச் செல்களின் வாசலில் நிற்கும் ஒரு நொதிதான் காரணம். 11-பீட்டா ஹெச்எஸ்டி இரண்டாம் வகை என்று அதற்குப் பெயர். உள்ளே வரும் கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றி அனுப்பிவிடும். கிளிசிரெட்டினிக் அமிலமும் கல்லீரலில் அதிலிருந்து உருவாகும் பொருள்களும் இந்தக் காவலைக் கட்டிப்போடுகின்றன. உடனே கார்ட்டிசால் கூட்டமாக உள்ளே புகுந்து ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உப்பும் நீரும் தங்குகின்றன. கால் வீங்குகிறது, பிபி ஏறுகிறது. பொட்டாசியம் சிறுநீரோடு போய்க்கொண்டே இருக்கிறது, தசை தளர்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1968-ல் இதைப் 'போலி ஆல்டோஸ்டிரோன் மிகை' என்று எழுதினார். இந்தப் பொருள்களில் எது உண்மைக் குற்றவாளி என்ற கேள்வியை நகோயா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் துப்புத் துலக்கி, கந்தகம் ஏறிய ஒரு வடிவத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்குக் குழப்பம் தந்த இடம் இதுதான்: பிடிப்பை நிறுத்திய மருந்து பிடிப்பை உண்டாக்குமா? உண்டாக்கும். பொட்டாசியம் இறங்கினால் தசை ஒரு பக்கம் தளரும், இன்னொரு பக்கம் துடிக்கும், இழுக்கும். பிடிப்பு திரும்ப வந்ததைப் பார்த்து 'மருந்து போதவில்லை' என்று அளவைக் கூட்டுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பெருந்தவறு. கூட்டலாமா என்று எழுதிக் கேட்டீர்களே, அது பெரிய காரியம்.

அம்மாவிடம் ஆபத்து ஏன் கூடுதல் என்றால், வயது, பெண், சிறிய உடல்வாகு மூன்றும் அவருக்கு எதிராக இருக்கின்றன. ஜப்பானில் பதிவான பாதிப்புகளில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களே. அதற்கு மேல் குளோர்தாலிடோன் இருக்கிறது. அது நீர் பிரிக்கும் மாத்திரை. அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஒரே வாளியில் இரண்டு ஓட்டை. டெல்மிசார்டான் பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் குணமுள்ளதால் சிலருக்கு இந்தச் சரிவு சில வாரம் வெளியே தெரியாமலும் இருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜப்பான் வந்ததும் பிடிப்பு ஏன் தொடங்கியது? குளோர்தாலிடோன் சாப்பிடும் ஒருவருக்கு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பொட்டாசியமும் மெக்னீசியமும். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைவாகக் குடிப்பது, நாள் முழுக்கக் கடினத் தரையில் நடப்பது, ஸ்டேஷன் படிக்கட்டுகள் எல்லாம் அதோடு சேரும். முதல் பாக்கெட்டுக்கு முன்பே பொட்டாசியம் எல்லைக் கோட்டில் இருந்திருக்கலாம். அப்போது ரத்தம் பார்த்திருந்தால் இந்த மருந்தே எழுதப்பட்டிருக்காது. எழுதிய மருத்துவரை நோக எனக்கு மனமில்லை. ஊர் மாத்திரையின் பெயரும் அதிமதுரப் பொடியும் அவர் காதுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அடுத்த மருத்துவரிடம் இரண்டும் போய்ச் சேரட்டும்.

அவரிடம் போகும்போது காலி பாக்கெட்டுகள், ஊர் மாத்திரையின் அட்டை, அதிமதுரப் பொடி டப்பா, பிபி எழுதிய தாள் நான்கையும் எடுத்துப் போங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையில் சிறு எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். பொடியைக் காட்டி 'கான்ஸோ' என்று சொன்னால் போதும், மருத்துவருக்குச் சட்டென்று பிடிபடும்.

கேட்க வேண்டிய சோதனைகள்: சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின், சர்க்கரை, தசைச் சிதைவைக் காட்டும் சிகே, கூடவே ஈசிஜி. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 3-க்குக் கீழே என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை, 2.5-க்குக் கீழே என்றால் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் படுக்கை வேண்டும். ஈசிஜியில் டி அலை தட்டையாகி அதன் பின்னால் யூ அலை எழும்பினால் எண் எதுவானாலும் அவசரம்தான்.

பொட்டாசியம் குறைந்திருந்தால் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சிகிச்சை மாத்திரை தொடங்கும் முன்பே எடுத்துவிட்டால் நல்லது, பிறகு எண்கள் கலங்கிவிடும். இந்தச் சோதனையின் அழகு இதில்தான்: நீர் மாத்திரையால் மட்டும் பொட்டாசியம் இறங்கியிருந்தால் ரெனின் ஏறியிருக்கும், பிபியும் கூடியிருக்காது. அதிமதுரத்தால் என்றால் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் இரண்டுமே அடங்கிக் கிடக்கும். டெல்மிசார்டான் இயல்பாகவே ரெனினை ஏற்றிவிடும் மருந்து. அதைச் சாப்பிடுபவரிடமே ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் அடங்கியிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மருத்துவம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதல் வேலை அதிமதுரத்தை நிறுத்துவது. இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வாசல் திறந்து கிடக்கும்வரை ஊற்றுவதெல்லாம் ஒழுகத்தான் போகும். பொட்டாசியம் மருந்தோடு ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையையும் மருத்துவர் சேர்க்கக்கூடும். அது அந்த ஏற்பியையே மூடிவிடும். இங்கே கவனம்: டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன், பொட்டாசியம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால், அதிமதுரத்தின் பிடி தளரும் நேரத்தில் பொட்டாசியம் மறுபக்கம் ஏறி, அதுவும் இதயத்துக்கு ஆபத்தாகும். அதனால் முதல் மூன்று நான்கு நாளில் ஒரு முறை, ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில், ஒரு மாதத்தில் என்று ரத்தம் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் பொட்டாசியம் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிபி மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். குளோர்தாலிடோனை மட்டும் எடுத்துவிடலாமா என்பதை மருத்துவர் பொட்டாசிய எண்ணைப் பார்த்து முடிவு செய்வார். அதைக் கட்டாயம் கேளுங்கள். நிறுத்திய அடுத்த நாளே வீக்கம் வடியாது. உடம்பில் தங்கிய அமிலம் கழிய நாளாகும், அடங்கிப்போன ரெனின் விழித்தெழ அதைவிட நாளாகும். சில வாரங்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரங்களில் வீட்டு பிபி எண்கள்தான் உங்களுக்கு வழிகாட்டி. வீட்டில் பிபி பார்ப்பதற்கு உலகம் பின்பற்றும் ஆதாரங்களில் முக்கியமான ஒரு பங்கு ஜப்பானின் இவாட்டே மாகாணத்து ஓஹாசாமா என்ற சிற்றூரிலிருந்து வந்தது. 1980-களின் பிற்பகுதியில் தோஹோகு பல்கலைக்கழகத்தார் அங்கே வீடு வீடாக பிபி கருவி கொடுத்து, மக்களே அளந்து எழுதிய எண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பக்கவாதத்தையும் மரணத்தையும் முன்கூட்டிச் சொல்வதில் மருத்துவமனையில் ஒரு தடவை பார்க்கும் எண்ணைவிட வீட்டு எண் மேல் என்று தெரிந்தது. வீட்டில் 135-க்கு 85 என்பது எல்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்த பின், காபிக்கும் மாத்திரைக்கும் முன், நாற்காலியில் சாய்ந்து கால் ஊன்றி ஓரிரு நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மேல்கைப் பட்டைக் கருவியில் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை. பக்கத்திலேயே எடையையும் எழுதுங்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன் எடையில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. கம்போவுக்கு ஆராய்ச்சி இருக்கிறதா? இருக்கிறது. அதே ஆராய்ச்சிதான் கம்போவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்றும் சொல்கிறது.

கம்போ சீனத்திலிருந்து வந்து ஜப்பானில் தனிவழி கண்ட மருத்துவம். மெய்ஜி காலத்தில் மேலை மருத்துவம் படித்தவருக்கே உரிமம் என்று சட்டம் வந்ததும் ஏறக்குறைய ஒடுங்கிப்போனது. 1976-ல் பெரும் எண்ணிக்கையில் கம்போ சாறுகள் அரசு இன்ஷூரன்ஸுக்குள் வந்தன. அன்று அவற்றுக்குப் புதிய மருந்துகளிடம் கேட்பது போன்ற மருத்துவச் சோதனைகள் கேட்கப்படவில்லை. நெடுங்காலப் பயன்பாடே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கடனை அடைக்கும் முயற்சிதான் அதன்பின் வந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி. 1991-ல் சுகாதார அமைச்சகம் எட்டு கம்போ மருந்துகளை மறுமதிப்பீட்டுக்கு எடுத்தது. உங்கள் அம்மாவின் 68-ஆம் எண்ணும் அந்த எட்டில் ஒன்று. கல்லீரல் சுருங்கிய நோயாளிகளுக்கு வரும் தசைப்பிடிப்பில் அதை, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் சோதித்தார்கள். முடிவு 1999-ல் வெளியானது: பிடிப்பு குறைந்தது. டயாலிசிஸ் நோயாளிகளிடமும் சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. டோயாமாவில் எலியின் உதரவிதானத் தசையை நரம்போடு எடுத்து வைத்துப் பார்த்த சோதனையில், ஷாகுயாகுவின் பியோனிஃப்ளோரினும் அதிமதுரத்தின் கிளிசிரைசினும் சேரும்போது நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை தடைப்படுவதைக் கண்டார்கள். ஆகவே மூன்றாம் நாளே பிடிப்பு நின்றது உங்கள் மனப்பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் நிரூபிக்கப்பட்டது எதற்கு என்று பாருங்கள். குறுகிய காலத்துக்கு, தசைப்பிடிப்புக்கு. இந்த மருந்துக் கலவையின் மூலநூலான ஷாங்ஹான்லுன் என்ற சீன நூல் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முந்தையது. அதிலும் கால் சுருண்டு பிடித்தவருக்குக் காய்ச்சி வடித்து இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடு, கால் நீளும் என்றே இருக்கிறது. மாதக்கணக்கில் மூன்று வேளை என்ற பேச்சே அங்கே இல்லை. விவரமறிந்த ஜப்பானிய மருத்துவர்கள் இன்றும் இதைப் பிடிப்பு வரும் ராத்திரிகளில் மட்டும் படுக்கும் முன் ஒரு பாக்கெட், அல்லது பிடித்தவுடன் வெந்நீரில் கரைத்து ஒரு பாக்கெட் என்றே தருகிறார்கள். ஒரு பாக்கெட் என்றால் 2 கிராம் அதிமதுரம். இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

107-ஆம் எண்ணுக்கு வருவோம். அது கோஷாஜின்கிகான். அதில் அதிமதுரம் கிடையாது என்பது உண்மை. கால் மரத்துப்போவதற்கு அதை நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதன் ஆராய்ச்சிக் கதையை உங்கள் நண்பரும் கேட்க வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கைகால் நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். 107 அதைத் தடுக்குமா என்று ஜப்பானில் 89 பேரிடம் செய்த இரண்டாம் கட்டச் சோதனை 2013-ல் வெளியானது. நடுத்தர, கடும் பாதிப்பு கம்போ எடுத்தவர்களில் 39 சதவீதம், போலி மருந்து எடுத்தவர்களில் 51 சதவீதம். எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. அடுத்து பெரிய அளவில் மூன்றாம் கட்டம் தொடங்கினார்கள். இடையில் 142 பேரின் விவரத்தைக் கணக்கிட்டபோது படம் தலைகீழானது: கம்போ எடுத்தவர்களில் ஏறக்குறைய 51 சதவீதம், போலி மருந்தில் 31 சதவீதம். உதவவில்லை என்பது மட்டுமில்லை, பாதிப்பு கூடுதலாகவே இருந்தது. சோதனையை அங்கேயே நிறுத்தி 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். தங்கள் நாட்டு மருந்துக்கு எதிரான முடிவை மூடிமறைக்காமல் அச்சேற்றிய அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பழம்பெரும் மருத்துவத்துக்குச் செய்யும் நேர்மையான தொண்டு அதுதான். சித்த மருத்துவத்துக்கும் இப்படிப்பட்ட சோதனைகள் நிறைய வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான்.

மூலிகைக்குப் பக்கவிளைவு வருமா என்ற கேள்விக்கும் ஜப்பானே விலைகொடுத்து விடை கண்டது. கல்லீரல் அழற்சிக்கு லட்சக்கணக்கானோர் சாப்பிட்ட ஷோசைகோதோவால் நுரையீரல் இறுகும் நிமோனியா வந்தது. 88 பேர் பாதிக்கப்பட்டு 10 பேர் இறந்ததாகச் சொல்லி அமைச்சகம் 1996 மார்ச்சில் அவசர எச்சரிக்கை விட்டது. இன்டர்ஃபெரான் என்ற கல்லீரல் அழற்சி மருந்தோடு சேர்த்துத் தரவே கூடாது என்பது அதற்கு முன்பே, 1994-ல், கண்டிப்பான விதியாகியிருந்தது.

உங்கள் அம்மாவுக்கு 107 வேண்டுமா என்றால், வேண்டாம். அவர் பிரச்சினை மரத்துப்போவது இல்லை. அதோடு 107-ல் பதப்படுத்திய வத்சநாபிக் கிழங்கும் சேர்ந்திருக்கிறது. அது இதயத் துடிப்பைக் குலைக்கவல்ல நச்சுக் கிழங்கு. பொட்டாசியம் குறைந்து இதயம் தடுமாறக்கூடிய நேரத்தில் அந்தக் கிழங்கு தேவையே இல்லை.

பிடிப்புக்கு வேறு வழி இருக்கிறது. முதலில் பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியாகட்டும், நீர் மாத்திரை மாறட்டும். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அப்படி வாக்குத் தர மாட்டேன். தைராய்டு, சர்க்கரை, இடுப்புத் தண்டுவடக் குறுக்கம், காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் இவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். ராத்திரி படுக்கும் முன் நீட்டும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து ஆறு வாரம் சோதித்ததில் பிடிப்பின் எண்ணிக்கையும் வலியும் குறைந்தன. சுவரிலிருந்து ஒரு கை நீளத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலை ஓரடி பின்னால் வையுங்கள். பின்காலின் முட்டி மடங்கக் கூடாது, குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. அப்படியே முன்னால் சாய்ந்து கெண்டையில் இழுவை தெரியும் இடத்தில் பத்து விநாடி நிற்கவும். இரண்டு காலுக்கும் மும்மூன்று முறை. பிறகு கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையின் பின்பகுதிக்கும் அதே கணக்கு. குதிகால் தூக்கிவிட்டால் கெண்டை நீளாது. பலருக்குப் பயன் கிடைக்காமல் போவது அதனால்தான். அம்மா இப்போது தளர்ச்சியாக இருப்பதால் பொட்டாசியம் சரியாகும்வரை நின்று செய்ய வேண்டாம். உட்கார்ந்தபடி பாதத்தில் துண்டைக் கோத்துக் கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் போதும். பிடித்த நேரத்திலும் அதே இழுப்பு, பிறகு வெந்நீர்த் துண்டு.

ஆறு மாதத்துக்கு வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பாக்கெட்கூட வேண்டாம். நீர் மாத்திரை தொடரும்வரை இந்த மருந்து அவருக்கு ஆகாது. ஒருமுறை இப்படி வந்தவருக்கு அதிமதுரம் திரும்பப் போனால் திரும்ப வரும். எனவே ஊருக்குப் போன பின்னும் இருமலுக்கு அதிமதுரம், அது சேர்ந்த சூரணம், சிரப், மிட்டாய் எதுவும் வேண்டாம். இருமலுக்குச் சுக்கு, மிளகு, துளசி இருக்கின்றன. ஜப்பானில் இருக்கும் நாள்களில் சளிக்கு என்று கக்கோன்தோவோ ஷோசெய்ரியூதோவோ கடையில் வாங்கிவிடாதீர்கள். இரண்டிலும் அதிமதுரம் உண்டு, இரண்டாவதில் நாளுக்கு 3 கிராம்.

மருந்துக்கடையில் 'ஒகுசுரி தேச்சோ' என்ற சிறு நோட்டு தருவார்கள், கேட்டால் அம்மாவுக்கும் ஒன்று கிடைக்கும். வாங்கும் மருந்துக்கெல்லாம் அதில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். முதல் பக்கத்தில் ஊர் மாத்திரையின் பெயரையும், 'கான்ஸோ கூடாது, பொட்டாசியம் குறைந்தது' என்ற வரியையும் ஜப்பானிய மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கீழே அதையே நீங்கள் தமிழில் எழுதி, ரத்தப் பரிசோதனைத் தாளின் நகலையும் உள்ளே வைத்து அனுப்புங்கள். கும்பகோணத்து மருத்துவர் அந்த மாத்திரையைத் திரும்ப எழுதும் முன் அதைப் பார்க்கட்டும்.